என்விஎம்இ சர்வருக்கும் ரெய்டு கார்டு கட்டாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் மருத்துவமனைகளும் புதிய சர்வருக்குக் கொட்டேஷன் கேட்கும்போது, ‘ஹார்டுவேர் ரெய்டு கார்டு கட்டாயம்’ என்ற நிபந்தனையைப் பழைய டெண்டரிலிருந்து அப்படியே எடுத்து எழுதிவிடுகின்றன. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாமல் காக்கும் முறையே ரெய்டு; அதைத் தனிக் கார்டு செய்தால் ஹார்டுவேர் ரெய்டு, சர்வரின் இயங்குதளமே செய்தால் சாஃப்ட்வேர் ரெய்டு. வேகத்துக்காகவே என்விஎம்இ எஸ்எஸ்டி (பிசிஐஇ என்ற அதிவேக இணைப்பில் இயங்கும், சுழலும் பாகமில்லாத டிஸ்க்) கேட்கும் இடங்களிலும் இந்நிபந்தனை தொடர்வதால், கொடுத்த பணத்துக்குரிய வேகம் கிடைக்காமல் போகிறது.

சுழலும் ஹார்ட் டிஸ்க் காலத்தில் இதற்குத் தக்க காரணம் இருந்தது. டிஸ்க்கின் மந்தத்தைக் கார்டிலிருந்த கேஷ் நினைவகம் ஈடுகட்டியது. மின்சாரம் போனாலும் எழுதி முடிக்காத தரவை அதன் பேட்டரி காத்தது. இன்றோ பிசிஐஇ 4.0 வகை எஸ்எஸ்டி ஒன்றே நொடிக்கு ஏறத்தாழ 7 ஜிபி படிக்கிறது. எட்டு லேன் (தரவுப் பாதை) கொண்ட பிசிஐஇ 3.0 கார்டு மொத்தமாகவே நொடிக்கு 8 ஜிபிக்கும் குறைவாகத்தான் கடத்தும் என்பதால், அதன் பின்னால் நான்கு எஸ்எஸ்டிகளைப் பூட்டினால் மூன்றின் வேகம் வீண். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6-க்கான பாரிட்டிக் கணக்கும் (இழந்த தரவை மீட்க உதவும் கூடுதல் கணக்கு) இன்றைய பிராசஸருக்குப் பெரும் பாரமன்று; லினக்ஸ் அக்கணக்கின் வேகத்தைத் தானே சோதித்துப் பதிவு செய்வதை, பூட் ஆகும்போது வரும் வரிகளில் எவரும் பார்க்கலாம்.

வேகத்தைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது பழுது நேரும் வேளை. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் டிஸ்க்குகள் அனைத்தும் நன்றாக இருந்தும், கார்டு போனதால், அதே வகைக் கார்டு வந்து சேரும்வரை கணக்குகளைத் திறக்கவே முடியவில்லை. லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டான எம்டி ரெய்டில் அமைத்த டிஸ்க்குகளை வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் அது அவற்றை அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்ளும்.

சாஃப்ட்வேர் ரெய்டிலும் கவனம் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் ஒரு டிஸ்க் இழப்பைத் தாங்கும் ரெய்டு 5-இல் தரவும் பாரிட்டியும் பொருந்தாமல் போகக்கூடும். மேலும், அதில் ஒரு சிறு மாற்றத்துக்கே இருமுறை படித்து இருமுறை எழுத வேண்டியிருப்பதால், டேட்டாபேஸ் ஓடும் சர்வருக்கு, பாரிட்டி இன்றித் தரவை இரு டிஸ்க்குகளில் பிரதியாக வைக்கும் ரெய்டு 10 தான் பொருத்தம். மின்தடையைத் தாங்கும் கெப்பாசிட்டர் உள்ள சர்வர் தர எஸ்எஸ்டிகளையே வாங்க வேண்டும். விலை குறைவென்று மேசைக் கணினிக்கான எஸ்எஸ்டியைப் போடுவது, யூபிஎஸ் இருந்தாலும், ஆபத்தே.

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ தன்னளவில் சாஃப்ட்வேர் ரெய்டு தருவதில்லை என்பதால், அங்கே உள்ளக டிஸ்க்குகளுக்குக் கார்டு தேவைதான். லினக்ஸ் தெரிந்தவர் இல்லாத அலுவலகத்திலும், சிவப்பு விளக்கு எரியும் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதைச் செருகினால் போதும் என்ற வசதி சிறிதன்று. மற்றவர்கள் கார்டுக்கான தொகையை நல்ல எஸ்எஸ்டிக்குச் செலவிட்டு, டெண்டரில் ‘பிராசஸருடன் நேரடியாக இணைந்த என்விஎம்இ ஸ்லாட்டுகள்’ என்று எழுதுமாறும், டிஸ்க் பழுதானால் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் போய்ச் சேருகிறதா என்பதைச் சர்வரை ஒப்படைக்கும் அன்றே ஒரு டிஸ்க்கைக் கழற்றிச் சோதித்துக்காட்டச் சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்.