எல் நினோ என்றாலே வறட்சியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பசிபிக் கடல் சூடானதும் 'எல் நினோ: வறட்சி அபாயம்' என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்துவிடுகிறது. எங்கள் டெல்டாவுக்கு அது பாதி உண்மைதான். எல் நினோ தென்மேற்குப் பருவமழையைத்தான் பெரும்பாலும் குறைக்கிறது. குடகில் மழை தவறினால் மேட்டூருக்கு நீர்வரத்து குறையும், கடைமடை வாய்க்கால் காயும். ஆனால் அக்டோபருக்குப் பின் வங்கக் கடலில் கீழைக்காற்று வலுக்கும், வடகிழக்குப் பருவமழை பெருகவே வாய்ப்பு அதிகம். 2015 சென்னை வெள்ளமும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய சுமார் 95 செ.மீ. மழையும் எல் நினோ ஆண்டுகளில் வந்தவையே.

எங்களைக் கருக்கியது 2016. பசிபிக் குளிர்ந்திருந்தது (இதைத்தான் லா நினா என்கிறார்கள்), இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியும் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது. வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நேரடி விதைப்புச் சம்பா ஒரு சாண் உயரத்தில் நுனி சுருண்டு நின்றது. வயல் வெடிப்பில் கையை விட்டால் மணிக்கட்டு வரை போனது. அதற்காக லா நினா வந்தாலே மழை இல்லை என்றும் ஆகாது. 2021-இல் வெளுத்து வாங்கியதே!

ஆகஸ்டில் நாங்கள் நீண்ட கால ரகமான சி.ஆர். 1009 விதைப்பதா, குறுகிய கால ரகத்துக்குப் போவதா என்று முடிவெடுக்கிறோம். அப்போது இரு கடல்களின் நிலையையும், இரு பருவமழைகளுக்கும் தனித்தனியாக மாவட்டவாரி மழைக் கணிப்பையும் தங்கள் விவசாயப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி,
மன்னார்குடி வட்டம்.