நம் சபை வேதப்படிப்புச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவரான போதகர் ஐயர் அவர்களுக்கும், வந்திருக்கிற அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம். வராதவர்களுக்கு யாராவது போய்ச் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.

கர்த்தருடைய கிருபையால் இன்னொரு வருடத்தைத் தாண்டிவிட்டோம். செயற்குழு நான்கு முறை கூடியது. லெந்து காலத்து வெள்ளிக்கிழமைகளில் வேதப்படிப்பு நடந்தது. அறுப்பின் பண்டிகையில் கடை போட்டோம். சுண்டல் தீர்ந்தது, புத்தகங்கள் தீரவில்லை. கீதபவனிக்குக் காபி கொடுத்தோம்.

அடுத்து, மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஓர் இறையியலாளரைக் கோயிலுக்குள்ளேயே உட்காரவைத்துச் சபையார் கேள்வி கேட்கும் கூட்டத்தைப் பற்றி. இது என் யோசனை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். "இறையியல் காலேஜ் சமாச்சாரம், கோயிலில் எதற்கு?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். பெயர்பெற்ற இறையியலாளர் கார்ல் பார்த் பேராசிரியர் ஆவதற்கு முன் 1911 முதல் 1921 வரை சுவிட்சர்லாந்தில் சாஃபன்வில் என்ற சின்ன ஊரில் போதகர். வருகிற ஞாயிறு சபைக்கு என்ன சொல்வது என்ற தவிப்போடு ரோமர் நிருபத்தைப் படித்தவர். 1919ல் வந்த அவருடைய ரோமர் விளக்கவுரை அங்கே எழுதியதுதான். பிற்பாடு தம் பெரிய நூலின் தலைப்பில் 'கிறிஸ்தவ' என்றிருந்ததை எடுத்துவிட்டுச் 'சபை' என்று போட்டார். அவ்வளவு தூரம் போவானேன்? 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க், பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே 1719ல் அவரை அடக்கம் செய்தார்கள். 1733ல் குருப்பட்டம் பெற்ற தமிழர் ஆரோன் அதற்கு முன் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர். இவர்கள் படித்ததும் யோசித்ததும் சபைக்கு நடுவில்தான்.

முதல் மாதம் நாற்பது பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் ஒன்பது பேர். அதில் ஒருவர் பூட்டுவதற்காகக் காத்திருந்த கோயில்பிள்ளை. ஜூனில் மேட்டூர் திறந்தார்கள், குறுவை என்றீர்கள். அப்புறம் சம்பா நடவு, பிறகு களை, ஐப்பசியில் அடைமழை. சரி, வயல் எனக்கும் இருக்கிறது. ஒரு மாதம், வருவதாக ஒப்புக்கொண்ட பேச்சாளர் முந்தின இரவு பத்து மணிக்கு வரமுடியாது என்றார். சமைத்த சோற்றை யார் வீட்டுக்கு அனுப்புவது என்பதுதான் அந்த மாதத்து விவாதம்.

ஆனால் அந்த ஒன்பது பேர் கூட்டத்தைச் சொல்லாமல் விடமாட்டேன். வந்தவர் பதினைந்து பக்கக் கட்டுரையோடு வந்திருந்தார். இரண்டாம் பக்கத்தில், முன்வரிசைப் பாட்டியம்மா தம் அம்மா வைத்திருந்த ஜெபப் புத்தகத்தை விரித்தார். முதுகு பிய்ந்து, நூல் சுற்றியிருந்தது. "இதிலே பராபரனேன்னு இருக்கு, இப்ப தேவனேங்கறீங்க. யார் மாத்தினது தம்பி?" பேச்சாளர் கட்டுரையை மடித்துப் பையில் வைத்தார். பழைய ஜெர்மன் மிஷனெரி பெப்ரீசியஸ் செய்த வேத மொழிபெயர்ப்பில் பராபரன். 1871ல் வந்த, பல சபையாரும் சேர்ந்து செய்த ஐக்கியத் திருப்புதலில் தேவன். நம் லுத்தரன் சபைகள் நெடுநாள் பழையதை விடவில்லை. தேவன் என்றால் பல தேவர்களில் ஒருவர் ஆகிவிடாதா என்ற சண்டையும் உண்டு என்றார். "அப்போ எந்தப் பேரைச் சொன்னா அவருக்குக் காது கேக்கும்?" என்றார் பாட்டி. "எதைச் சொன்னாலும் கேட்பார் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனா நீங்க கேட்டது அது இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பிறகு ஒரு மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை, கோயில்பிள்ளை உட்பட.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. சிறு பற்றாக்குறையைச் செயலாளர் தற்போதைக்குக் கைப்பணத்தில் ஈடுகட்டியிருக்கிறார். நோட்டு பொருளாளர் வீட்டில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். சந்தா பாதிப் பேருக்குமேல் பாக்கி. பெப்ரீசியஸ் சென்னையில் மிஷன் பணத்தைக் கவனமில்லாமல் கையாண்டு, கடனுக்காகச் சிறைக்கே போனார். செயலாளருக்கு அந்த மகான் வழியில் எல்லாவற்றிலும் நடக்க விருப்பமில்லை.

ஐயர் அவர்களுக்கும், பாய் விரித்த வாலிபர்களுக்கும், மைக் செட் இரவல் தந்தவருக்கும், சமைத்த சகோதரிகளுக்கும் நன்றி.

அடுத்த வருடம் ஜூலை 9 அன்று, சீகன்பால்க் வந்திறங்கிய நாளில், தரங்கம்பாடிக்குப் போய் அந்த ஆலயத்திலேயே ஒரு கூட்டம் வைக்க ஆசை. வேனுக்கு முன்பணம் வேண்டும். பாட்டியம்மா பெயர் கொடுத்துவிட்டார். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். போன வருடமும் இதையே சொன்னேன், எல்லாரும் ஜன்னலைப் பார்த்தீர்கள். ஜெபம் முடிந்ததும் பொருளாளர் ரசீது புத்தகத்தோடு தெற்கு வாசலில் நிற்பார். வடக்கு வாசலை இன்றைக்குக் கோயில்பிள்ளை பூட்டிவைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்