மணிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள சுமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மனசு ஒரு நிலைக்கு வந்தது. சொட்டு மருந்தை மட்டும் சோம்பல் படாமல் விட்டுக்கொள். இங்கே எல்லோரும் நலம். மருமகள் முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாம் மாதம். கொஞ்ச நாள் இங்கே வந்து இருக்க ஆசைப்படுகிறாள். எங்கள் நாய் மணிக்குக் கொடுக்கிற புற்றுநோய் மருந்து விஷயத்தால் அதற்கு ஒரு யோசனை பண்ண வேண்டியிருந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

"பத்து வயசு நாய்க்குக் கீமோ எதற்கு, அதை ஏன் பாடாய்ப் படுத்துகிறாள் ராஜி" என்று உன் அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தாய். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நாய்மேல் பிரியம் உள்ளவர்தான் அப்படிக் கேட்பார். எனக்கும் முதல் நாள் ராத்திரி முழுக்க அதே கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவரிடமும் காட்டு.

கழுத்துப் பட்டையைக் கழற்றும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும், நெல்லிக்காய் அளவில், அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போகிற கட்டிகள். வலியே இல்லை அவனுக்கு, நான் தடவத் தடவக் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றான். "நெறி கட்டியிருக்கும், காலில் எங்கேயாவது புண் இருக்கா பார்" என்றார் என் வீட்டுக்காரர். நான்கு பாதத்தையும் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. அப்புறம்தான் தோள்பட்டைக்கு முன்னாலும், பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் அதே மாதிரி இருப்பது தெரிந்தது. புண்ணால் நெறி கட்டினால் அந்தப் பக்கத்தோடு நிற்கும். உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் வீங்கி, வலியும் இல்லை என்றால் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டுமாம். நாய்களுக்கு வருகிற புற்றுநோய்களில் அதிகம் காணப்படுகிறவற்றில் அது ஒன்று.

முதலில் பார்த்த இடத்தில், பரிசோதனைக்கு முன்னாலேயே ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்தார்கள். இரண்டே நாளில் கட்டி கரைந்துவிடும் என்றார்கள். அது உண்மைதான், கரையும். ஆனால் கொஞ்ச நாளில் திரும்பி வரும். அதற்குள் ஊசி குத்தி எடுக்கிற திசுவில் நோய் தெளிவாகத் தெரியாமல் போகலாம், பிற்பாடு கொடுக்கிற கீமோ மருந்துகளுக்கும் அது மசியாமல் போகலாம். நல்லவேளை, மாத்திரையைப் பிரிக்கும் முன்னால் இன்னொரு டாக்டரிடம் காட்டினோம். இதை உனக்குத் தெரிந்த நாய் வளர்க்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிவை. கட்டி என்றால் முதலில் ஊசி குத்திப் பார்க்க வேண்டும், மாத்திரை அப்புறம்தான்.

பயாப்ஸியில், அதாவது திசுப் பரிசோதனையில், பி செல் வகை என்று வந்தது. எந்த வெள்ளையணுவில் நோய் தொடங்கியது என்பதை வைத்து இப்படிப் பிரிக்கிறார்கள். டி செல் வகையைவிட இது மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிற வகை. ஒன்றுமே செய்யாமல் விட்டால் நான்கிலிருந்து ஆறு வாரம். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் ஒன்றிரண்டு மாதம். நான்கு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கிற கீமோவில் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு நாய்களுக்கு நோய் அடங்கிவிடும், பி செல் வகையில் பாதி நாய்களாவது ஒரு வருஷம் போல இருக்கும், சில இரண்டு வருஷத்தையும் தாண்டும் என்றார் டாக்டர். அடங்குமே தவிர அடியோடு போகாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

சுமதி, உன் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. மனிதருக்குக் கொடுக்கிற அதே மருந்துகள்தான் இவை: வின்கிறிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், ப்ரெட்னிசோலோன். ஆனால் கொடுக்கிற நோக்கம் வேறு. நமக்கென்றால் நோயை வேரோடு பிடுங்கப் பார்ப்பார்கள். அதற்காக எவ்வளவு வாந்தி, எவ்வளவு சோர்வு வந்தாலும் தாங்கிக்கொள் என்பார்கள். நாமும் அடுத்த வருஷத்தை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவோம். மணிக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. இன்றைக்குச் சாப்பாடு பிடித்ததா, வெளியே போனோமா என்பதுதான் அவனுக்குக் கணக்கு. அதனால்தான் நாய்களுக்கு மருந்தின் அளவையே தாழ்த்தி வைத்திருக்கிறார்கள், இருக்கிற நாள் நல்ல நாளாக இருக்கட்டும் என்று. தாங்காமல் போனால் அளவை இன்னும் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். அவனை அழ வைத்து நான் ஒரு மாதம் கூட்டி வாங்குவதாக இருந்தால் இதில் இறங்கியே இருக்க மாட்டேன்.

நாம் பார்த்த கீமோவை நினைத்துக்கொண்டுதான் உன் அண்ணன் பேசுகிறார். எனக்கும் அம்மாவின் கடைசி மாதங்கள்தான் கண் முன்னால் வந்தன. மணியோடு முதல் ஊசிக்குப் போனபோது அந்தப் பயம்தான் என் கையில் நடுங்கியது. அங்கே நடந்தது இவ்வளவுதான்: முன்னங்காலில் ஒரு சதுரம் முடியை வழித்தார்கள், ரத்தம் எடுத்து வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்த்தார்கள். நரம்பில் குழாயைச் செருகி, ரத்தம் பின்னால் ஏறி வருகிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தார் டாக்டர். வின்கிறிஸ்டின் நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே அழுகிவிடுமாம். அவன் தலையை நான் என் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். மருந்து ஏற சில நிமிஷம். இறங்கியதும் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தான்.

கஷ்டமே இல்லை என்று எழுதினால் அது பொய். ஊசி போட்ட மூன்றாம் நாள் போலச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். ஒரு தடவை வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் படுத்துவிட்டான். இப்போது வாந்தி மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம், வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்தால் சாப்பிடுகிறான். பச்சைக் கறி மட்டும் கூடவே கூடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போது அதிலிருக்கிற கிருமிகளே போதும்.

எனக்குத் தூக்கம் கெடுவது ஊசி போட்டு ஒரு வாரம் ஆகும் சமயத்தில்தான். வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குவது அப்போதுதான். மூக்கைத் தொட்டு ஜுரம் பார்க்கிற வேலையெல்லாம் உதவாது, தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நாய்க்கு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம், நம்மைவிடச் சூடு அதிகம். 39.5-ஐத் தாண்டினால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது, உடனே போன் பண்ணு என்று சொல்லியிருக்கிறார்கள். கிருமியை எதிர்க்கிற நியூட்ரோபில் என்ற வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1500-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு ஊசி இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை அப்படித் திரும்பி வந்தோம். நாள் தள்ளிப்போகிறதே என்று எனக்குப் பதைப்பு. "தள்ளிப்போவதால் கெட்டுவிடாது, தாங்காத உடம்பில் போட்டால்தான் கெடும்" என்றார் டாக்டர்.

சைக்ளோபாஸ்பமைடு மாத்திரை நாள் வேறு மாதிரி. அந்த மருந்து உடம்பில் சிதைந்து மூத்திரப்பையில் தேங்கினால் பையின் உள்சுவரைப் புண்ணாக்கி, மூத்திரத்தில் ரத்தம் வர வைக்கும். அதனால் காலையிலேயே கொடுத்து, தண்ணீரை நிறையக் குடிக்க வைத்து, அடிக்கடி வெளியே கூட்டிப் போக வேண்டும். அந்த வேலையை அவர் தன் தலையில் எடுத்துக்கொண்டிருக்கிறார். முட்டி வலியோடு அவர் எழுந்து எழுந்து கதவைத் திறந்துவிடுவதைப் பார்க்கும்போது, இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாத ஒரு மனுஷரைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

மருமகள் விஷயம் சொன்னேன் அல்லவா? மருந்து கொடுத்துக் குறைந்தது மூன்று நாளாவது நாயின் மூத்திரம், மலம், வாந்தி மூன்றிலும் மருந்து கலந்து வரும். வயிற்றில் குழந்தை இருக்கிறவர்கள் அதைத் தொடவே கூடாது, மாத்திரையையும் தொடக் கூடாது. நாங்களே கையுறை போட்டுக்கொண்டுதான் சுத்தம் செய்கிறோம். அந்த மாத்திரையை உடைக்கவும் கூடாது, பொடி பறக்கும். டாக்டரிடம் கேட்டோம். அவள் தாராளமாக வரலாம், மணியைத் தடவிக் கொடுக்கலாம், சுத்தம் பண்ணுகிற வேலை மட்டும் அவள் பக்கம் போகக் கூடாது என்றார். அதனால் ஊசிக்கு ஊசி நடுவே இடைவெளி விழுகிற வாரமாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.

முடி கொட்டிவிட்டதா என்று கேட்டிருந்தாய். பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கிற இனங்களுக்குத்தான் அதிகம் கொட்டும். மணிக்கு உடம்பில் ஒன்றும் ஆகவில்லை, வழித்த சதுரங்கள் மட்டும் வளர மறுக்கின்றன. மீசைதான் போய்விட்டது. ஒரு நாள் அவன் படுக்கிற துணியை உதறினேன், வெள்ளையாக, விறைப்பாக, ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. இப்போது வாய்ப்பக்கம் மொழுமொழுவென்று குட்டி நாய் மாதிரி இருக்கிறது முகம்.

உன் அண்ணன் வீட்டுப் பக்கத்தில் ஒரு கோலி இன நாய் இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தாய் இல்லையா, அவர்களிடம் ஒரு விஷயம் சொல். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு மாதிரி மந்தை காக்கிற இனங்களில் பல நாய்களுக்கு ஒரு மரபணுக் கோளாறு உண்டு. சில மருந்துகளை உடம்பு வெளியே தள்ள முடியாமல் விஷமாகிவிடும். வின்கிறிஸ்டினும் டாக்ஸோரூபிசினும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதைப் பரிசோதித்துத் தெரிந்துகொள்ளலாம். மணி கலப்பு என்பதால் எங்கள் டாக்டர் அதையும் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

எது வரைக்கும் என்பதைப் பற்றியும் பேசி வைத்துவிட்டோம். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது, ஆக ஏழு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35-ஐத் தாண்டினால் அதன் வாழ்க்கை இன்னும் வாழத் தகுந்ததுதான் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். நான் எப்போதும் கூடத்தான் போடுகிறேன், ஆசையில் போட்டுவிடுகிறேன் என்று தெரிகிறது. அதனால் அதோடு மூன்று காரியங்களையும் குறித்து வைத்திருக்கிறோம். கேட் சத்தம் கேட்டதும் அவன் ஓடுவது, படியில் ஏறி நின்று தெருவை வேடிக்கை பார்ப்பது, அவர் பேப்பரை விரித்ததும் அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்வது. இந்த மூன்றில் இரண்டு நின்றுபோய், திரும்பி வரவில்லை என்றால் ஊசியையும் நிறுத்திவிடுவது என்று முடிவு. இப்போதைக்கு மூன்றும் நடக்கிறது, பேப்பர் கசங்காத நாளே இல்லை.

நோய் திரும்பி வரும், அது எனக்குத் தெரியும். அப்போதும் கொடுக்க வேறு மருந்துகள் உண்டு. ஆனால் முதல் தடவை மாதிரி நீண்ட நாள் பிடித்து நிறுத்தாது. அந்தச் சமயத்தில் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். வேறு வீட்டில் வேறு மாதிரி முடிவு செய்யலாம், முதலிலேயே கீமோ வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். ஊசி என்றாலே நடுங்கி ஒடுங்கிப்போகிற நாயாக இருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். மணிக்கு அந்த இடத்தில் எல்லோரும் சிநேகம், வண்டி நின்றதும் முதலில் இறங்குகிறவன் அவன்தான். அவன் குணத்தைப் பார்த்துத்தான் நான் சம்மதித்தேன். அதை உன் அண்ணனிடம் அழுத்திச் சொல்.

உன் நாய் ராமுவுக்கும் வயது ஏறுகிறது. மாதம் ஒருமுறையாவது தாடைக்குக் கீழே, தோள்பட்டைக்கு முன்னால், தொடை இடுக்கில், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் விரல் வைத்துத் தடவிப் பார். சாதாரணமாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று உன் விரலுக்குத் தெரிந்தால்தான் மாறும்போது தெரியும். உன் கண்ணுக்கு இப்போது குனியக் கூடாது என்பார்கள், அதனால் இந்த மாதம் பெண்ணை விட்டுப் பார்க்கச் சொல்.

அடுத்தது டாக்ஸோரூபிசின் முறை. சிவப்பு மருந்து அது, அரை மணி நேரம் போல மெதுவாக ஏற்றுவார்கள். இதயத்தைப் பாதிக்கும் என்பதால் ஆயுசுக்கும் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்துத்தான் கொடுக்கிறார்கள். ஆரம்பிக்கும் முன்னால் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது. அது முடிந்து இரத்த ரிப்போர்ட்டும் வந்த பிறகு எழுதுகிறேன். நீ கண்ணாடி போட்ட பிறகு எப்படித் தெரிகிறது என்று எழுது.

அன்புடன்,
ராஜி