செப்டம்பர் 16: சேதுவுக்கு ஒரு கடிதம்

மதுரை
17.9.2025

அன்புள்ள சேது,

இங்கு அனைவரும் நலம். அங்கு நீயும் தங்கையும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற மாதம் வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தாமதத்துக்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆனால் நேற்றைய நாளுக்குப் பிறகும் எழுதாமல் இருப்பது முறையாகாது. ஏனென்றால் நீ கப்பல் வேலையில் இருந்தபோது அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து வாங்கி வந்து என் கையில் திணித்த அந்த ஒலிநாடாவுக்கு நான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக உனக்கு ஒரு நேர்மையான பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

நேற்று செப்டம்பர் 16. எம்.எஸ். அம்மா பிறந்த நாள். ஆண்டுதோறும் செய்வதைப் போல விடியற்காலையில் மேலமாசி வீதி வழியாக அனுமந்தராயன் கோயில் தெரு வரை நடந்து போய் வந்தேன். அவருடைய குடும்பம் வாழ்ந்த வீட்டு முகப்பில் இருக்கும் வீணையை நீயும் பார்த்திருக்கிறாய். அந்தத் தெருவில் இப்போது கடைகளும் சரக்கு வண்டிகளுமாக நிற்க இடமில்லை. நிமிர்ந்து பார்ப்பவர் யாரும் இல்லை. எதிர்ப்புறத் திண்ணையில் ஒரு நிமிடம் நின்று அந்த வீணையைப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். கடைக்காரர் வானொலியில் அம்மாவின் குரல்தான் பாடிக்கொண்டிருந்தது, பிறந்த நாள் என்பது தெரியாமலேயே.

வீட்டுக்கு வந்ததும் பேரன் தன் கைப்பேசியைக் காட்டினான். "தாத்தா, இன்றைக்கு பி.பி. கிங்குக்கு நூறு வயது" என்றான். நீ கொடுத்த ஒலிநாடாவின் அட்டையில் இருந்த அதே பருத்த, சிரித்த முகம். எம்.எஸ். பிறந்து சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1925-ஆம் ஆண்டு இதே நாளில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்த ப்ளூஸ் பாடகர், கிதார்க்காரர். ஒலிநாடாவை அன்று கேட்டுவிட்டு நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு மனிதர் அழுகிறாரே, இதில் என்ன சங்கீதம் இருக்கிறது?" என்றேன். நீ கோபப்படவில்லை. "ஒரு சுரத்தில் நின்று காட்டுவதுதான் சங்கீதம் என்று எம்.எஸ். அம்மாவைப் பற்றி நீதானே சொல்வாய்?" என்று மட்டும் கேட்டாய். அப்போது நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நேற்று மாற்ற முடியவில்லை. 1964-இல் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான, உன் ஒலிநாடாவில் இருந்த அந்த நிகழ்ச்சியையே பேரன் போட்டுக் கொடுக்க, முதன்முறையாக உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். பிறகு அவர் வாசிக்கும் காணொளி ஒன்றையும் பார்த்தேன். இடக்கையின் ஆள்காட்டி விரல் மட்டும் தந்தியை அழுத்தியிருக்க, மற்ற விரல்களெல்லாம் கிதாரின் கழுத்தை விட்டு விலகி, தும்பியின் சிறகு படபடப்பது போல நடுங்குகின்றன. சுரம் அசைகிறது, ஆனால் இடம் பெயரவில்லை. அடுத்த சுரத்துக்குப் போகும்போது விரலை அடுத்த மெட்டுக்கு (கிதாரின் கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பிக்கு) மாற்றாமல், இருந்த மெட்டிலேயே தந்தியை ஓரமாகத் தள்ளி ஒலியை மேலே ஏற்றுகிறார். இதை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை. வீணைக்காரர்கள் தந்தியை இழுத்து, சுரத்தை அசைக்கும் கமகத்தைப் பிடிப்பது இப்படித்தான்.

இதற்கு ஒரு கதையும் இருக்கிறது. கிங்கின் உறவினரான புக்கா வைட் என்பவர், உலோகக் குழலைத் தந்திமேல் வழுக்கி வாசிப்பதில் பெயர் பெற்றவர். நம்மூர்க் கோட்டுவாத்தியத்தை நினைத்துக்கொள். அந்த வழுக்கலும் அழுகையும் கிங்குக்கு வேண்டியிருந்தன. ஆனால் குழல் அவர் கைக்கு வசப்படவில்லை. ஆகவே வெறும் விரலாலேயே அந்த ஒலியை எட்டப் பார்த்தார், எட்டியும் விட்டார். கோட்டுவாத்தியத்தைத் தேடிப் போனவர் வீணையில் வந்து நின்றார் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். எம்.எஸ்., வீணை வாசித்த சண்முகவடிவின் மகள் என்பதும், பத்து வயதில் பாடிய முதல் இசைத்தட்டில் அவருடைய தாயே வீணை வாசித்தார் என்பதும் நினைவுக்கு வந்தபோது, உன் கேள்விக்கு என்னிடம் மறுப்பு எதுவும் மிஞ்சவில்லை. நீ சொன்னது சரி. எழுதித் தந்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

கிங் பாடும்போது கிதார் வாசிப்பதில்லை என்பதையும் நேற்றுதான் கவனித்தேன். ஓர் அடியைப் பாடி நிறுத்துகிறார். கிதார் பதில் சொல்கிறது. அரங்கத்தில் இருப்பவர்கள் நம் ரசிகர்கள் "ஆகா" என்பது போலக் கூவுகிறார்கள். பாடகரும் வயலின்காரரும் ஒரே ஆளாக இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அந்தக் கிதாருக்கு லூசில் என்று பெயர் வைத்த கதையை நீ அப்போதே சொல்லியிருக்கிறாய்: 1949-இல் ஆர்க்கன்சாவின் ட்விஸ்ட் என்ற ஊரில், குளிருக்காக மண்ணெண்ணெய் எரித்துவைத்திருந்த பீப்பாயை இரண்டு பேர் சண்டையில் உருட்டிவிட்டதும், தீப்பிடித்த கூடத்துக்குள் இவர் கிதாருக்காகத் திரும்ப ஓடியதும், சண்டை லூசில் என்ற பெண்ணைப் பற்றியது என்று மறுநாள் தெரிந்ததும். நான் அன்று அதைக் கப்பல்காரன் கதை என்றே எடுத்துக்கொண்டேன். அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

1966 அக்டோபரில் எம்.எஸ். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது, காஞ்சிப் பெரியவரின் "மைத்ரீம் பஜத" அந்த மண்டபத்தில் ஒலித்தபோது, அதே நாட்டில் கிங் பெரும்பாலும் கறுப்பின மக்களின் நடனக் கூடங்களில்தான் வாசித்துக்கொண்டிருந்தார். வெள்ளை இளைஞர்கள் நிறைந்த சான் பிரான்சிஸ்கோவின் பில்மோர் அரங்கில் அவருக்கு எழுந்து நின்று கைதட்டியது 1967-இல்தான், அவர் கண்கலங்கிவிட்டாராம்.

இந்த நாளில் வேறு யார் பிறந்தார்கள் என்று பேரனைத் தேடச் சொன்னது என் தவறு. அதற்குப் பிறகு பகல் தூக்கம் போயிற்று. 1887-இல் பாரிசில் பிறந்த நாதியா பூலான்ஷே என்ற அம்மையார் அகப்பட்டார். அவர் தந்தையும் இசையமைப்பாளர், அவரும் பிறந்தது ஒரு செப்டம்பர் 16-இல்தான், 1815-இல். தன் 72-ஆம் பிறந்த நாளில் மகளைக் கையில் வாங்கியிருக்கிறார்! பூலான்ஷேயின் தங்கை லிலி, இசைக்கான ரோம் பரிசை வென்ற முதல் பெண். 24 வயதில் இறந்துபோனார். அக்காள் அதன் பிறகு தானே இயற்றுவதை ஏறக்குறைய விட்டுவிட்டுப் பிறருக்குக் கற்பிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தார். 1954-இல் அர்ஜென்டினாவிலிருந்து பியாசோலா என்ற இசைக்கலைஞர் அவரிடம் படிக்க வந்தார். அந்நாட்டு நடன இசையான டாங்கோ வாசிப்பவர் என்பதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்திருந்தார். அம்மையார் விடாமல் கேட்டு ஒரு டாங்கோவை வாசிக்கவைத்து, உண்மையான பியாசோலா இதில்தான் இருக்கிறார், இதை விட்டுவிடாதே என்று சொல்லியிருக்கிறார். மாணவன் மறைத்து வைத்திருப்பதைக் காதால் கண்டுபிடிக்கும் ஆசிரியர் எத்தனை பேருக்கு வாய்ப்பார்கள்? நான் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்ட இரண்டு ஆண்டுகளை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

பிறந்தவர்களோடு நின்றிருக்கலாம். 1977-இல் இதே நாளில் ஆப்பரா பாடகி மரியா காலஸ் பாரிசில் இறந்தார், 53 வயது. (அன்றே லண்டனில் மார்க் போலன் என்ற ராக் பாடகரும் கார் விபத்தில் போனார், அவருக்கு முப்பது நிறைய இரண்டு வாரம் இருந்தது.) காலஸ் கடைசியாக ஆப்பரா மேடையில் பாடியது 1965-இல், தம் 41-ஆம் வயதில். அந்த வயதில் எம்.எஸ். இன்னும் சுப்ரபாதம் பதிவு செய்திருக்கவில்லை, சங்கீத கலாநிதியும் ஆகியிருக்கவில்லை. கணவர் சதாசிவம் 1997-இல் மறையும் வரை மேடை எம்.எஸ்.ஸுக்கு இருந்தது. எந்தக் குரல் உயர்ந்தது என்று ஒப்பிட நான் வரவில்லை. ஒருவருக்கு நாற்பதில் முடிந்துபோனது இன்னொருவருக்கு அதன் பிறகும் நெடுநாள் தொடர்ந்திருக்கிறது என்பது மட்டும் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

சிலி நாட்டுப் பாடகர் விக்டர் ஹாராவைப் பற்றி எழுதலாமா என்று தயங்கினேன். 1973 செப்டம்பர் 11-இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், பல்கலைக்கழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்களோடு சந்தியாகோவின் விளையாட்டரங்குக்குக் கொண்டுபோகப்பட்டு, 16-ஆம் தேதி கொல்லப்பட்டவர். கைகளை வெட்டினார்கள் என்ற கதை உலகமெங்கும் பரவியிருக்கிறது. பிணவறையில் அவரை அடையாளம் காட்டிய மனைவி ஜோன் சொன்னது வேறு: கைகள் இருந்தன, ஆனால் மணிக்கட்டு முறிந்தது போல் ஒரு விதமாகத் தொங்கின. உடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட குண்டுக் காயங்கள். அடைபட்டிருந்தபோது அவர் எழுதிய கடைசிக் கவிதை, உடன் இருந்தவர்கள் மறைத்துக்கொண்டு போனதால் வெளியே வந்தது. அந்த அரங்கத்துக்கு இப்போது அவர் பெயர்தான். குற்றவாளிகளுக்கான தண்டனையைச் சிலியின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2023-இல், ஐம்பது ஆண்டுகள் கழித்து. காலையில் கிங்கின் விரல்களையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, இந்தக் கைகளைப் பற்றிப் படித்த பிறகு வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. பேரனிடம் கைப்பேசியை அணைக்கச் சொன்னேன்.

இரவு சாப்பாட்டின்போது உன் தங்கை, அதாவது என் வீட்டுக்காரி, "இதெல்லாம் இங்கிலீஷ் தேதி, திதி பார்த்தால் ஒருவர்கூட ஒரே நாளில் வரமாட்டார்" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6 என்பதை எத்தனை ரசிகர்கள் சொல்வார்கள்? அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி என்றால் திருவையாற்றுக்குப் பெட்டி கட்டிவிடுவோம். முத்துசுவாமி தீட்சிதருக்கோ தீபாவளியே நினைவு நாள். அவர் மறைந்த எட்டயபுரம் உனக்குப் பக்கத்தில்தானே, இந்த ஆண்டாவது அன்று போய் வா.

ஒலிநாடாவைத் தேடி எடுத்துவிட்டேன். பெட்டி நன்றாக இருக்கிறது, நாடாதான் ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறது. அதைப் போடுவதற்கு என்னிடம் கருவியும் இல்லை. உன் பழைய டேப் ரெக்கார்டர் இன்னும் ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். ஐப்பசியில் தூத்துக்குடிக்கு வரும்போது கையோடு கொண்டு வருகிறேன். அந்த நாடாவின் இரண்டாம் பக்கத்தை நான் இதுவரை போட்டதே இல்லை.

அன்புடன்,
உன் மீனாட்சிசுந்தரம்