நாலு சின்ன டேங்க்னு நீ முடிவு பண்ணிட்ட, தெரியுது

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பதில் போடலன்னு கோவிச்சுக்காத. முட்டி வலி இப்ப தேவலாம், படி ஏறினா மட்டும் லேசா பிடிக்குது. பெரியவ வேலைக்குப் போயிட்டா, வீடு வெறிச்சுன்னு கெடக்கு, அதனால கடல் மீனும் கோரலும் (பவளம்) வளக்கற டேங்க் முன்னாடி நான் ஒக்கார்ற நேரமும் ஜாஸ்தி, வாங்கற திட்டும் ஜாஸ்தி. உன் பையன் எக்ஸாம் எப்படி எழுதினான்னு ஒரு வரி கூட நீ எழுதல, மூணு பக்கமும் ஒரே கோரல் தான்.

சரி, நீ கேட்டதுக்கு வரேன், 400 லிட்டர்ல ஒரே டேங்க்கா, 40 லிட்டர்ல நாலா? நாலுன்னு மனசுல முடிவு பண்ணிட்டு என்கிட்ட தலையாட்டச் சொல்ற, எனக்கா தெரியாது. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், மூணு சின்ன டேங்க், ஒண்ணுல மஷ்ரூம், ஜோவான்னு ரெண்டு வகை மெத்து கோரல், இன்னொண்ணுல ஹேமர் கோரலும் ஒரு க்ளவுன் மீனும், மூணாவதுல கோபிங்கற குட்டி மீனும், அதோட ஒரே வளையில குடியிருக்கற பிஸ்டல் இறாலும் மட்டும். அந்த மூணாவத பத்தி சொல்லியே ஆகணும். இறாலுக்கு கண்ணு அவ்வளவா தெரியாது, மண்ணை வாரி வாரி வெளிய கொண்டாந்து கொட்டும், ஆனா ஒரு மீசை எப்பவும் கோபி மேல தொட்டுக்கிட்டே இருக்கும். நான் கைய கொஞ்சம் அசைச்சா கோபி வாலை ஒரு துடி துடிக்கும், அடுத்த நொடி ரெண்டும் வளைக்குள்ள. இதையே பெரிய டேங்க்ல விட்டேன், ஆறு மாசத்துல நாலு தடவ பாத்திருப்பேன், ஏதோ பாறைக்குப் பின்னாடி குடித்தனம். சின்ன டேங்குக்கு ஆதரவா நான் சொல்ல நினைக்கற பெரிய விஷயமே இதான்.

ஆனா வேலை இருக்கே. தண்ணி கொஞ்சம்னா வேலையும் கொஞ்சம்னு நெனச்சேன், டேங்க் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி தான் வேலை வருது. மூணு ஹீட்டர், மூணு டாப்-அப் (ஆவியான அளவுக்கு நல்ல தண்ணி ஊத்தறது), கண்ணாடி தேய்க்கறது மூணு, மூணுலயும் தனித்தனியா ஆல்கலினிட்டி, அதான் கோரல் எலும்பு கட்ட எடுத்துக்கற கார்பனேட் அளவு, பாக்கணும், ஒண்ணுல 7, ஒண்ணுல 9ன்னு நிக்கும், எதுல எவ்வளவு ஊத்தினோம்னு நோட்டு போட்டு எழுதலன்னா கத முடிஞ்சுது. பெரிய டேங்க்ல வாட்டர் சேஞ்ச் 40 லிட்டர்னாலும் ஒரு பம்ப், ஒரு ட்யூப், அவ்ளோ தான்.

சின்ன டேங்க்ல உப்பு ஏறி இறங்கும்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க. அது நெஜம் தான், ஆனா பத்து மடங்கெல்லாம் இல்ல. ஆவியாகறது மேல்பரப்புல தானே, பெரிய டேங்க்ல பரப்பும் பெருசு, கணக்கு போட்டா ஆழம் தான் விஷயம், 30 சென்டிமீட்டர் ஆழம்னா 60 சென்டிமீட்டர் டேங்க விட ரெண்டு மடங்கு வேகத்துல உப்பு ஏறும். 40 லிட்டர்ல 2 லிட்டர் போனா 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) கிட்டத்தட்ட 37 ஆயிடும். இதுக்கு ஒரு ஆட்டோ டாப்-அப் போதும். நெஜமான ஆபத்து சாவு தான். ஒரு டர்போ நத்தை பாறைக்குப் பின்னாடி செத்துக் கெடந்துது, எனக்குத் தெரியல, ரெண்டாம் நாள் மூடிய தெறந்தா நாத்தம், க்ளவுன் மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்குது, ஹேமர் சுருங்கி வெறும் எலும்பு தான் தெரிஞ்சுது. அதே நத்தை 400 லிட்டர்ல செத்திருந்தா, அழுகி வர்ற அம்மோனியா விஷம் பத்துல ஒரு பங்கு தான், எனக்கு தெரியவே தெரியாம போயிருக்கும்.

அதுக்காக பெரிசு சேஃப்னு நெனைக்காத, அங்க போனா மொத்தமா போகும். 300 வாட் ஹீட்டர் ஒண்ணே ஒண்ணு போட்டிருந்தேன், தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சு, ராத்திரி 26 இருந்தது மதியம் வந்து பாத்தா 30. அன்னைலேர்ந்து 150 வாட்ல ரெண்டு, ஒண்ணு ஒட்டிக்கிட்டாலும் மத்தது தானா நின்னுடும். அப்புறம் வெள்ளப்புள்ளி நோய், புதுசா விட்ட ஒரே ஒரு மீன் கொண்டாந்துது. கோரல் இருக்கற தண்ணில காப்பர் மருந்து போட முடியாது, அத்தன மீனையும் புடிச்சு வேற தொட்டிக்கு மாத்தி, டேங்க மீனே இல்லாம ரெண்டு மாசத்துக்கு மேல காலியா விட்டேன், புடிக்கறதுக்காக பாறைய மொத்தமா பிரிச்சேன், அன்னைக்கு வீட்ல என்ன பேசினாங்கன்னு எழுத மாட்டேன். தனித்தனி டேங்க்னா அந்த ஒண்ணோட போயிருக்கும், வலையும் கையும் மாத்தி மாத்தி விடாம இருந்தா.

கோரலுக்கும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. லெதர் கோரல் தண்ணில விடற கெமிக்கல் பக்கத்துல இருக்கற அக்ரோபோராவ (கெளை கெளையா வர்ற கல்லு கோரல்) வளர விடாது, கேலக்ஸியாங்கற கோரல் ராத்திரில நீளமா கைய நீட்டி கொட்டும். லைட்டும் அப்படித்தான், மஷ்ரூமுக்கு 50 பார் (வெளிச்சத்த அளக்கற கணக்கு) போதும், அக்ரோபோராவுக்கு 250க்கு மேல வேணும். இத பிரிச்சு வெக்க சின்ன டேங்க் தான் சௌகரியம்.

இப்ப உன்ன ஒண்ணு கேக்கறேன், உனக்கு டாங் மீன் வேணுமா வேணாமா? போன வருஷம் மஞ்ச டாங் போட்டோவா அனுப்பித் தள்ளினயே. அது 20 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், நாள் முழுக்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நீந்தும், நாலடி நீளமாவது இல்லாம அத வாங்கறது பாவம். மாண்டரின் மீனும் அப்படித்தான், பாறைல இருக்கற கோப்பிபாட் பூச்சிய கொத்திக்கிட்டே இருக்கணும், 40 லிட்டர்ல ரெண்டே வாரத்துல தொடச்சு வெச்சுட்டு பட்டினி கெடக்கும். இதெல்லாம் வேணாம், கோபியும் க்ளவுனும் போதும்னா நீ சொன்ன நாலே சரி.

ஆனா நீ மாசத்துல பத்து நாள் ஊர்ல இல்லாத ஆளு. அதனால நாலையும் தனித்தனியா வெக்காத. மூணுக்கு ஓட்டை போட்டு கீழ ஒரே சம்ப்ல (அடித்தொட்டி) இறக்கு, ஹீட்டர், ஸ்கிம்மர் (நுரையில அழுக்க எடுக்கறது), டாப்-அப் எல்லாம் அங்க ஒரே இடத்துல, தண்ணி மொத்தமும் ஒண்ணு, மேல மட்டும் வேற வேற லைட்டு, வேற வேற ஃப்ளோ. நோயும் லெதர் கெமிக்கலும் பொதுவாயிடும், கெமிக்கலுக்கு கார்பன் போட்டுக்கோ, லெதர வாங்காம இருந்தா இன்னும் நல்லது. நாலாவத மட்டும் தனியா விடு, புது மீன் எது வந்தாலும் மொதல்ல அதுல தான். அப்புறம் சம்ப்ல பாதி எடம் காலியா இருக்கணும்டா, கரண்ட் போனா மேல இருந்து தண்ணி எறங்கும், நான் அத மறந்துட்டு நடுராத்திரி ஹால்ல பெட்ஷீட் போட்டு தொடச்சிட்டிருந்தேன்.

இல்ல பெருசு தான்னா, தண்ணி, பாறை, கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேத்து அரை டன்னுக்கு மேல வரும், தரை தாங்குமான்னு கேட்டுட்டு ஆரம்பி.

சுவர் எத்தன அடின்னு அளந்து எழுது. பச்ச ஹேமர்ல ரெண்டு தலை உனக்காக வெட்டி தனியா வெச்சிருக்கேன், நல்லா ஒட்டிடுச்சு, சாயங்காலமானா உப்பிக்கிட்டு நிக்குது. டேங்க் சைக்கிள், அதான் கழிவ தின்னற பாக்டீரியா வளர்ற காலம், முடிஞ்சு அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் ஜீரோ வந்து ஒரு மாசம் ஆகட்டும், அதுக்கு முன்னாடி நச்சரிச்சா தர மாட்டேன். பையன் மார்க்க எழுது மொதல்ல.

உன்
பழைய பெஞ்ச்மேட்