செடி பகலிலும் சுவாசிக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காகத் தாங்கள் வெளியிடும் அறிவியல் வினா-விடைகளை, என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். சென்ற வாரம், 'தாவரங்கள் பகலில் கார்பன் டை ஆக்சைடையும் இரவில் ஆக்சிஜனையும் சுவாசிக்கின்றன' என்று ஒரு விடை வந்திருந்தது. தவறு. செடியும் நம்மைப் போல 24 மணி நேரமும் ஆக்சிஜனை எடுத்துத்தான் சுவாசிக்கிறது. பகலில் கூடவே ஒளிச்சேர்க்கையும் நடக்கிறது. அதில் உண்டாகும் ஆக்சிஜனில் சுவாசத்துக்குப் போக மிச்சம்தான் வெளியே வருகிறது. (ராத்திரியில் தொட்டிச் செடியை அறையில் வைக்காதே என்பவர்களுக்கு: பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குபவர் அதைவிட எவ்வளவோ அதிகமாகக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறார்.)

அதே பக்கத்தில், 'தமனிகள் அனைத்தும் ஆக்சிஜன் மிகுந்த ரத்தத்தைக் கடத்தும்' என்றும் இருந்தது. ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை இதயத்திலிருந்து நுரையீரலுக்குக் கொண்டுபோகும் நுரையீரல் தமனியை மறந்துவிட்டார்கள்.

அச்சுப்பிழை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் விடையை அப்படியே நெட்டுருப் போடுவதுதான் கவலை. போன வாரம் ஒரு பெண் சவ்வூடு பரவலுக்கு (செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் ஒரு சவ்வு வழியே நகர்வது) விளக்கம் ஒப்பித்தாள். தேர்வு கடத்து சவ்வு, செறிவு, எல்லாம் சரி, ஒரு சொல் பிசகவில்லை. "உங்கள் வீட்டில் மாவடு போட்டாயிற்றா?" என்றேன். "பாட்டி முந்தாநாள் போட்டாங்க சார்." "ஜாடியில் தண்ணீர் இருக்குமே, யார் ஊற்றியது?" யோசித்தாள். "யாரும் ஊத்தல சார். உப்பு கரைஞ்சு வந்திருக்கும்." தண்ணீர் இல்லாமல் உப்பு எப்படிக் கரையும் என்று கேட்டதும் விழித்தாள். வடுவின் செல்களுக்குள் இருந்த நீர், வெளியே உள்ள உப்பைத் தேடி வந்துவிட்டது, அதனால்தான் வடுவின் தோல் சுருங்குகிறது என்றதும், "அப்போ பாயசத்துல திராட்சை உப்புறது இதுக்கு நேர் எதிரா சார்?" என்றாள். இந்தக் கேள்வி எந்த வினா-விடையிலும் வராது.

வேதியியலும் இப்படித்தான். சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதினால் பால் போல் மாறும் என்று எல்லோரும் எழுதுவார்கள். கால்சியம் கார்பனேட் என்றும் சேர்ப்பார்கள். தொடர்ந்து ஊதிக்கொண்டே இருந்தால் அது கால்சியம் பைகார்பனேட்டாக மாறிக் கரைந்து, நீர் மறுபடி தெளிந்துவிடும். ஊதிப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்.

முதலில் அந்த இரண்டு விடைகளுக்கும் திருத்தம் போடுங்கள், அதுவும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில். அப்புறம், வாரம் 20 வினா எதற்கு? பத்தாகக் குறைத்துவிட்டு, மிச்ச இடத்தில் அடுக்களையில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைப் போடலாம். பங்குனியில் தேர்வும் மாவடுவும் ஒன்றாகத்தானே வருகின்றன.

அந்தப் பெண் மறுநாள் ஒரு கிண்ணம் மாவடு கொண்டுவந்து கொடுத்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.