வட்டம் விழுந்தால் போதுமா?

வடசேரி, நாகர்கோவில்
ஐப்பசி 20

அன்புள்ள சுயம்பு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருப்பதில் சந்தோஷம். தக்கலையில் மூணு நாளாக வெயிலே இல்லை என்று எழுதியிருக்கிறாய். இங்கேயும் மழைதான், கொடியில் போட்ட துணி காயவில்லை.

உன் மாணவிகளின் திட்டத்தைப் படித்தேன். கடையில் வாங்கிய தசமூலாரிஷ்டம், திரிபலா சூரணம், நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம், ஒரு லேகியம், ஒரு வலித்தைலம். இந்த ஐந்தையும் கிருமி பூசிய அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ்) குழி போட்டு ஊற்றி, மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளந்து, கூடவே டிபிபிஎச்சும் (ஆக்சிஜனேற்றத் தடுப்பை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை) பார்த்து அறிக்கை எழுதுவதாகச் சொல்கிறார்கள். மக்கா, அங்கேதான் சிக்கல். காட்டிலிருந்து பறித்த இலையும் கடைப் பாட்டிலும் ஒன்றல்ல. பாட்டிலில் மூலிகையோடு சாராயம், புளிப்பு, வெல்லம், தேன், நெய், சில சமயம் சோடியம் பென்சோயேட்டும் இருக்கும். கிருமியைத் தடுத்தது இவற்றில் எது என்று பிரித்துக் காட்டாவிட்டால் அந்த வட்டத்துக்கு அர்த்தமே இல்லை.

அரிஷ்டத்தை எடுத்துக்கொள். நொதித்து உண்டான சாராயம் பொதுவாக 5 முதல் 12 சதவீதம் இருக்கும். பிஎச் 4-ஐ ஒட்டி நிற்கும். அகாரில் அந்தச் சாராயம் மட்டும் பெரிய வட்டம் போடாது, பரவி நீர்த்துவிடும். ஆனால் கிருமி வளர்க்கும் திரவ ஊடகத்தில் பாதிக்குப் பாதி கலந்தால் 6 சதவீதம் வரை நிற்கும், அதுவே வளர்ச்சியை மந்தமாக்கும். அதனால் ஒரே மருந்தை நாலு விதமாக வைக்கச் சொல்: அப்படியே ஒன்று, 50 டிகிரி நீர்க்குளியலில் சாராயத்தைப் போக்கி, கிருமிநீக்கிய தண்ணீரால் பழைய அளவுக்குக் கொண்டுவந்தது ஒன்று, அதிலேயே பிஎச்சை 7 ஆக்கியது ஒன்று, மூலிகையே இல்லாமல் அதே அளவு சாராயமும் வெல்லமும் சேர்த்து அதே பிஎச்சில் வைத்த நீர் ஒன்று. பிஎச் 7-இல் வட்டம் காணாமல் போனால் உடனே புளிப்பின் வேலை என்று முடிவுகட்டிவிடாதே. பென்சோயேட் இருந்தால் அதுவும் புளிப்பில்தான் வேலை செய்யும், நடுநிலையில் செயலற்றுப் போகும். லேபிளைப் படித்து, அதே அளவு பென்சோயேட் நீரையும் சேர்த்து வை. காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடு. கொஞ்சம் மிஞ்சினாலும் துவர்ப்புச் சத்து கறுத்துக் கெட்டுவிடும்.

லேகியத்தில் தேன்தான் பெரிய ஏமாற்றுக்காரன். நீர்த்த தேனில் நொதி வேலைசெய்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும், அதற்கே கிருமி தடைப்படும். தேனைக் காய்ச்சிச் சேர்த்திருந்தால் அந்த நொதி இராது, ஆனால் பாட்டிலைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்து ஒரு குழி, சேர்க்காமல் ஒரு குழி வைத்தால் தெரிந்துவிடும். நெய்யை முதலில் ஹெக்சேனால் எடுத்துவிடு, இல்லாவிட்டால் பிழிவு கலங்கலாகவே நிற்கும்.

சூரணத்துக்கு 10 கிராமை 100 மில்லி தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை 70 சதவீத எத்தனாலிலும் 24 மணி நேரம் குலுக்கியில் விடு. மல் துணியில் வடித்து, பிறகு வாட்மேன் 1 வடிதாளில் வடி. வற்றவைத்து, காய்ந்த பிழிவின் எடையைக் குறி. மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல அது வேண்டும். சூரணத்தில் அதற்கே சொந்தமான கிருமிகள் இருக்கும், குறிப்பாகப் பாசில்லஸ் வித்துகள். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) வைத்தால் சத்தும் மாறும், அதனால் 0.22 மைக்ரான் வடிகட்டிதான் வழி. திரிபலா அதை இரண்டு நிமிடத்தில் அடைத்துவிடும். முன்னதாக 10,000 சுழற்சியில் பத்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் பண்ணு. கிருமி விதைக்காத தட்டில் பிழிவை மட்டும் வைத்து ஒன்று விடு. அதில் ஏதாவது முளைத்தால் அன்றைய வேலை எல்லாம் குப்பை.

தட்டு விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். முல்லர்-ஹின்டன் அகார், 90 மில்லிமீட்டர் தட்டுக்கு 25 மில்லி, அதாவது 4 மில்லிமீட்டர் கனம். கிருமியை மெக்ஃபார்லண்ட் 0.5 என்ற தரநிலைக் கலங்கலுக்குக் கொண்டுவா. 6 மில்லிமீட்டர் குழி, 50 மைக்ரோலிட்டர், 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். ஏடிசிசி 25922 என்ற எண்ணுள்ள ஒப்பீட்டு ஈ. கோலையில் 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் வில்லை 19 முதல் 26 மில்லிமீட்டர் வட்டம் தர வேண்டும். ஏடிசிசி 25923 ஸ்டெஃபைலோகாக்கசில் 19 முதல் 27. வெளியே போனால் அந்தத் தட்டைக் கணக்கில் சேர்க்காதே. மழைக்காலத்தில் இரவு கரண்டு போய் இன்குபேட்டர் ஆறிவிட்டதா என்பதையும் இதுவே காட்டிக்கொடுக்கும்.

வட்டத்தின் அகலத்தை வைத்து எது வலிய மருந்து என்று மட்டும் வரிசைப்படுத்த வேண்டாம். கடுக்காயின் டானின் பெரிய மூலக்கூறு, அகாரில் நகராது. தைலம் அதைவிட மோசம்: நம் ஊர் வர்மத் தைலத்தைக் குழியில் விட்டால் எண்ணெய் அங்கேயே மிதக்கும், வட்டம் பூஜ்யம் என்று வரும். அதில் கற்பூரம் இருந்தால் நேர்மாறாக, ஆவி மூடிக்குள் பரவிப் பக்கத்துக் குழியின் வட்டத்தையும் பெரிதாக்கும். தைலத்துக்குத் தனித் தட்டு கொடு, எண்ணெயைக் கலக்கவைக்கும் ட்வீன் 80 சேர்த்துத் திரவ ஊடகத்திலும் பார்.

ஒப்பிட வேண்டுமானால் எம்ஐசி எடு, அதாவது கிருமியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு. ஒவ்வொரு முறையும் பாதியாக நீர்த்து, 96 குழித் தட்டில். பலரும் சறுக்குவது இங்கேதான். திரிபலா ஊடகத்தின் புரதத்தோடு சேர்ந்து கலங்கும், கண்ணால் படிக்க முடியாது. சரி என்று ரெசாசுரின் என்ற நீலச் சாயத்தை விட்டால், உயிருள்ள கிருமி நீலத்தை ரோஜா நிறமாக்க வேண்டும். ஆனால் ஆக்சிஜனேற்றத் தடுப்பு வலுத்த பிழிவு, கிருமியே இல்லாமல் தானாகவே சாயத்தை மாற்றிவிடும். நல்ல மருந்து 'தடுக்கவில்லை' என்று பதிவாகும். கிருமியில்லாத பிழிவுக் குழிகள் ஒரு வரிசை கட்டாயம் வை. சந்தேகமான குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டரைப் புதுத் தட்டில் சொட்டிப் பார், கிருமி செத்ததா தூங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும். மில்லிக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல்தான் தடுக்கிறது என்றால் அதைப் பெரிய கண்டுபிடிப்பாக எழுத விடாதே.

டிபிபிஎச்சுக்கு 3.94 மில்லிகிராமை 100 மில்லி மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார். 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் ஒன்றை ஒட்டிக் காட்ட வேண்டும். அன்றன்று கரைத்து, அலுமினியத் தாளால் சுற்றி இருட்டில் வை, 30 நிமிடத்தில் படி. தண்ணீர் பாதிக்கு மேல் சேர்ந்தால் படிய ஆரம்பிக்கும். அரிஷ்டத்துக்கும் லேகியத்துக்கும் நிறம் கடுமையானது. ஒவ்வொரு செறிவுக்கும் டிபிபிஎச் இல்லாமல் மெத்தனாலில் ஒரு அளவு எடுத்துக் கழி. வெல்லமும் காய்ச்சிய சர்க்கரையும் தம் பங்குக்கு நிறத்தைக் குறைக்கும், ஆகவே வெல்லநீர்க் கட்டுப்பாடு இங்கேயும் வேண்டும். பினால் சத்தை அளக்கச் செய்யும் ஃபோலின் சோதனையில் பினால் மட்டுமா அளவிடப்படுகிறது? சர்க்கரையும் வைட்டமின் சியும் சேர்ந்தே அளவிடப்படும். ஐசி 50-ஐ (டிபிபிஎச்சைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) மட்டும் போடாமல், லேபிளில் சொன்ன ஒரு வேளை அளவுக்கு எத்தனை மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலத்துக்கு (வைட்டமின் சி) சமம் என்று கணக்கிட்டுப் போடச் சொல். அப்போதுதான் 15 மில்லி அரிஷ்டத்தையும் 5 கிராம் சூரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும்.

ஒரே பாட்டிலில் மூன்று முறை அளந்து 'மும்மடங்கு' என்று எழுதும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. மூன்று தயாரிப்புத் தொகுதி வாங்கு. கோட்டாற்றில் நாட்டு மருந்துக் கடையிலும் மார்த்தாண்டத்திலும் பார்த்தால் வேறு வேறு தொகுதி எண் கிடைக்கும். சூரணத்தைத் திறந்ததும் ஈரம் உறிஞ்சும் டெசிகேட்டர் கலனில் வை, இந்த ஈரத்தில் ஒரு வாரத்தில் கட்டிதட்டிவிடும். இன்னொன்று: ஏதாவது ஒன்று ஆன்டிபயாடிக் வில்லை அளவுக்குத் துல்லியமான ஓரத்தோடு பெரிய வட்டம் போட்டால் மகிழ்ந்துவிடாதே. யாரோ எதையோ கலந்திருக்கிறார்களா என்று மென்படலப் பகுப்பில் (டிஎல்சி, சத்துகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் முறை) பார்த்த பிறகே வாயைத் திற.

தட்டுகளை 121 டிகிரியில் அரைமணி நேரம் ஆட்டோகிளேவ் செய்த பிறகுதான் கழுவப் போட வேண்டும், பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல். ஐந்து மருந்தின் லேபிளையும் படமெடுத்து அனுப்பு, வெல்லநீர்க் கட்டுப்பாட்டின் அளவை நான் கணக்கிட்டுத் தருகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்
தாசன்